ஐம்பத்தெட்டுப் பெட்டி

ஓடைநத்தம் ஸ்டேஷனுக்குத் தெற்கே, சிக்னல் கம்பத்திலிருந்து கால் மைல் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது பஞ்சம்மாளின் கேட். மேற்கே ஊருணிப்பட்டி. அதற்கும் மேற்கே வெம்பக்கோட்டை அணை வரைக்கும் வேலி போட்ட பட்டாசுக் கம்பெனிகள். கிழக்கே ஒன்றரை மைலில் நெடுஞ்சாலை. அதை நாலு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. வெடிப்பெட்டி ஏற்றிய லாரியானாலும் சரி, கலியாணத்துக்குப் போகிற வேனானாலும் சரி, மேற்கேயிருந்து விருதுநகருக்குப் போக வேண்டுமென்றால் பஞ்சம்மாள் கேட்டைத் திறந்தால்தான் உண்டு.

அந்த வேலை அவளுக்குப் புருசன் செத்து வந்த வேலை. சோலைமலை ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேனாக இருந்தான். ஆறு வருசத்துக்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில், நின்றிருந்த சரக்கு ரயிலின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தான். வண்டி அந்த நேரம் பார்த்து இரண்டு முழம் நகர்ந்தது. பிள்ளை குட்டி இல்லாத பஞ்சம்மாளைக் கூப்பிட்டுப் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கொடுத்து, இந்தக் கேட்டில் உட்கார வைத்தார்கள். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் டியூட்டி. ஸ்டேஷனிலிருந்து போன் வரும். இறக்கு என்றால் சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்க வேண்டும். ஏற்று என்றால் ஏற்ற வேண்டும்.

தம்பி நாகையாவின் வீடும் அவள் வீடும் ஊருணிப்பட்டியில் ஒரே சுவர். நாகையா விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் மூட்டை தூக்கினான். அவன் பெண்டாட்டி பொன்மணி பட்டாசுக் கம்பெனியில் சக்கரத்துக்குத் திரி ஒட்டினாள். இரண்டு வீட்டுக்கும் உலை ஒன்றுதான். விடியுமுன்னே பொன்மணி சோறு வடித்து, சீனியவரைக்காய் வத்தலை வறுத்து, மூன்று தூக்குச்சட்டியில் போட்டு வைப்பாள். “மதினி, ஒங்க சட்டியில மோர் மெளகா ரெண்டு கூட வச்சிருக்கேன். அவுக கிட்ட சொல்லிராதீக” என்பாள். நாகையாவின் மகள் மாரிசெல்வி எட்டாவது படித்தாள். சின்னதிலிருந்தே அவள் தூங்குவது அத்தை வீட்டில்தான்.

பஞ்சம்மாள் வேலைக்கு வந்த புதிதில் கேட் அப்படியொன்றும் தொந்தரவாக இல்லை. தூத்துக்குடியிலிருந்து வருகிற சரக்கு ரயிலுக்கு முப்பது பெட்டி, மிஞ்சினால் முப்பத்தைந்து. ஸ்டேஷனில் இடமில்லை என்று சிக்னலில் நின்றாலும், அதன் கடைசிப் பெட்டி கேட்டைத் தாண்டித்தான் நிற்கும். அவள் பாட்டுக்குக் கேட்டைத் திறந்து விடுவாள். பிறகு துறைமுகத்தில் கரி வந்து மலையாகக் குவிய ஆரம்பித்தது. உரம் வந்தது. மரத்தடி வந்தது. நாளுக்கு நாலு சரக்கு ரயில் போன பாதையில் பத்தும் பன்னிரண்டும் போயின. அதிலும் ஒவ்வொன்றுக்கும் ஐம்பத்தெட்டுப் பெட்டி. அந்த நீளத்துக்கு, சிக்னலில் வண்டி நின்றால் கேட்டை அடைத்துக்கொண்டு அந்தப் பக்கமும் இருபது பெட்டிக்கு மேல் தொங்கியது.

“வண்டி கூடிப்போச்சு, பெட்டி கூடிப்போச்சு, ஸ்டேசன்ல லைனு மட்டும் அதே ரெண்டுதாம்மா” என்பார் ஸ்டேஷன் மாஸ்டர் மீரான் மைதீன். விருதுநகர்க்காரர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே வத்தல் கமிசன் கடை. கடைக்கு வரமாட்டேன் என்று பரீட்சை எழுதி ரயில்வேக்கு வந்தவர். “மூணாவது லைனு போட உத்தரவாயிருச்சு. கல்லுகூட நட்டுட்டுப் போயிட்டாக. அந்தா பாருங்க, மஞ்சப் பெயிண்டு.”

கல் நட்டு இரண்டு வருசம் ஆகியிருந்தது. ஆடுகள் அதில் முதுகு தேய்த்துத் தேய்த்துப் பாதிப் பெயிண்ட் போய்விட்டது.

கேட்டில் காத்துக்கிடக்கிற ஜனம் சும்மா இருக்குமா? சைக்கிளைப் போட்டுவிட்டுப் பெட்டிகளுக்கு நடுவே புகுந்து போக ஆரம்பித்தார்கள். பஞ்சம்மாள் கத்துவாள், கையைப் பிடித்து இழுப்பாள், சிலநேரம் கொடிக்கம்பால் முதுகில் ஒன்று வைப்பாள். அப்படியும் ஆடி மாதம் ஒருநாள், நாலைந்து பேர் புகுந்து போனதை அந்த வழியாக வந்த இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். பஞ்சம்மாளுக்கு மெமோ கொடுத்தார். இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்றார். வேலை போவது ஒரு பக்கம். குனிந்து போகிற ஒவ்வொரு முதுகிலும் அவள் சோலைமலையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

2007ஆம் வருசம் ஆவணி மாதம். தீபாவளி ஆர்டருக்காகக் கம்பெனிகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தன. ஆடி போயும் காற்று அடங்கவில்லை. புழுதி கண்ணைத் திறக்கவிடாமல் அடித்தது. அந்த வியாழக்கிழமை வெயிலும் சித்திரை போல.

பத்தேமுக்காலுக்குக் கரி ஏற்றிய வண்டி ஒன்று தெற்கேயிருந்து வந்தது. கேட்டை அடைத்துக்கொண்டு சிக்னலில் நின்றது. பஞ்சம்மாள் போனில் கேட்டாள். ஸ்டேஷனில் ஒரு லைனில் தெற்கே போக வேண்டிய பாசஞ்சர் நிற்கிறது, இன்னொரு லைனில் வடக்கே போக வேண்டிய உர வண்டி நிற்கிறது, விருதுநகர் யார்டில் இடம் கிடைத்து உர வண்டி கிளம்பினால்தான் இது நகரும் என்றார் மீரான் மைதீன்.

பதினோரு மணி வாக்கில் மேற்கே ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. கனத்த மூட்டையை மாடியிலிருந்து போட்ட மாதிரி ‘தொம்’மென்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து வெள்ளைப் புகை எழும்பி, காற்றில் உடனே கிழிந்துபோனது. அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சம்மாள் எழுந்து நின்று, புகை எந்தத் திசை என்று பார்த்தாள். அந்தத் திசையில் பதினைந்து கம்பெனி இருக்கிறது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள்.

கால்மணி நேரம் கழித்து ஒரு லோடு ஆட்டோ ஆரன் அடித்துக்கொண்டே வந்து கேட்டில் முட்டுகிற மாதிரி நின்றது. ஓட்டி வந்தவன் நிஜாம். சாத்தூரிலிருந்து கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி ஏற்றிவந்து இறக்குகிறவன். தினமும் கேட்டில் நின்று, “யக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று கேட்கிற பையன்.

“யக்கா! தெறங்க யக்கா! மூணு பேரு கெடக்காக!”

“எங்கனலே தெறக்க? வண்டி குறுக்க நிக்குல்லாப்பா.”

பின்னால் தார்ப்பாயும் வாழை இலையுமாகக் கிடந்தது. ஒரு ஆம்பளை அசையாமல் கிடந்தார். ஒரு பொம்பளை முனகிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் தலையைத் திருப்பியது. முகம் கறுத்து உப்பி, புருவம் இல்லாமல், யார் என்றே தெரியவில்லை.

“மதினி” என்றது அது.

பஞ்சம்மாளுக்குக் குரல்தான் தெரிந்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“பொன்மணி… ஏட்டி, பொன்மணியா?”

“நாந்தான் மதினி. காயப் போட்டிருந்த மருந்துல பத்திக்கிருச்சு. மேல ஏதாச்சும் போடுங்க மதினி, ஆம்பளையாளுக நிக்காக.”

சேலை என்று எதுவும் அவள் மேல் மிஞ்சியிருக்கவில்லை. பஞ்சம்மாள் கேட் ரூம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் பழைய நூல் சேலையைக் கொண்டுவந்து, குடத்துத் தண்ணீரில் முக்கி, மெதுவாகப் போர்த்தினாள். பட்ட இடமெல்லாம் பொன்மணி பல்லைக் கடித்தாள். ஆனால் கத்தவில்லை.

பஞ்சம்மாள் போனுக்கு ஓடினாள்.

“சார், தீக்காயம் பட்டவுக கேட்டுல நிக்காக. எந் தம்பி பொண்டாட்டி சார். வண்டிய எடுக்கச் சொல்லுங்க!”

“யா அல்லா!” என்றார் மீரான் மைதீன். “இருங்க, கன்ட்ரோல்ல கேக்கேன்.” எந்த வண்டியை விடுவது, எதை நிறுத்துவது என்று சொல்கிற கன்ட்ரோல்காரரிடம் அவர் இன்னொரு போனில் கத்துவது இந்தப் போனில் கேட்டது. திரும்பி வந்தார். “அஞ்சு நிமிசம்மா. உர வண்டிக்கு விருதுநகர்ல லைனு ஒழியுதாம். அது கெளம்புனதும் ஒங்க வண்டிய உள்ள எடுத்துருவேன். அஞ்சே நிமிசம்.”

அவள் வெளியே வந்தபோது நிஜாமும், பின்னால் பைக்கில் வந்த இரண்டு பேரும், சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் நிற்பது பெட்டிகளின் இடுக்கு வழியே தெரிந்தது.

“யக்கா, நடுவுல தூக்கிக் குடுத்துருதோம். அந்த வேன்ல ஏத்திக்கிருவாக.”

“வேண்டாம்! யாரும் நடுவுல போகக் கூடாது. அஞ்சு நிமிசத்துல எடுத்துருவானாம். நீங்க அங்கன இருக்கும்போது எடுத்தான்னா என்ன ஆகும்?”

“அப்பம் நான் சாத்தூரைச் சுத்திப் போயிரட்டுமா? ரோடு பேத்துக் கெடக்கு, முக்கா மணி நேரம் ஆகும். சிவகாசிக்குத் திரும்பினாலும் அம்புட்டுத்தான்.”

“அஞ்சு நிமிசம்னு சொல்லுதாருலே. நில்லு.”

பொன்மணி கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள்.

“மதினி, நடுவுல தூக்கிட்டுப் போகச் சொல்லுங்களேன். வெயிலு தாங்கல.”

“செத்தப் பொறுத்துக்கோட்டி. எந் தங்கம்ல. இந்தா எடுத்துருவான். எங்க வீட்டு மனுசனைக் கொண்டுட்டுப் போன எடம்டி அது.”

“சரி மதினி” என்றாள் பொன்மணி.

அஞ்சு நிமிசம் போனது. பஞ்சம்மாள் போனுக்கு ஓடினாள். இன்னும் அஞ்சு நிமிசம் என்றது போன். திரும்பி ஓடிவந்து, ஆட்டோவில் கிடந்த அட்டையால் பொன்மணிக்கு விசிறினாள். காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து கொட்டியது. உடம்பை வைத்து மறைத்துக்கொண்டாள்.

“மதினி, வெள்ளாட்டை வெயில்லயே கட்டிட்டு வந்துட்டேன். அவுத்து நெழல்ல கட்டச் சொல்லுங்க.”

“சொல்லுதேன்.”

“மாரிசெல்விக்கு இன்னைக்கு ஓட்டப்பந்தயம். ஜெயிச்சா டம்ளர் குடுப்பாகளாம். நேத்து ராத்திரி அம்புட்டு நேரமும் அதே பேச்சு… அவளுக்குக் கால் நீளம். ஒங்க தம்பி மாதிரி.”

“ஜெயிச்சுட்டுத்தான் வருவா.”

“தண்ணி குடுங்க மதினி.”

கொடுக்கலாமா கூடாதா என்று பஞ்சம்மாளுக்குத் தெரியவில்லை. நிஜாமைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியவில்லை. துணியை நனைத்து உதட்டில் வைத்தாள். பொன்மணி அதைக் குழந்தை மாதிரிச் சப்பினாள்.

மூன்றாவது தடவை போனை எடுத்தபோது மீரான் மைதீன் குரலே மாறியிருந்தது. “கன்ட்ரோல்ல அந்த ஆளு அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசம்னே சொல்லுதாரும்மா. விருதுநகர்ல எடத்தைப் பிடிக்க நாலு பக்கமும் வண்டி நிக்காம். நான் என்ன செய்ய?” அந்த மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது.

பஞ்சம்மாள் போனை வைத்தாள். அறைச் சுவரில் மணி பதினொன்று நாற்பது. லோடு ஆட்டோ வந்து இருபத்தைந்து நிமிசம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் போன் சாயங்காலம் வரைக்கும் இதையேதான் சொல்லும்.

சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு, வண்டியின் வால் பக்கமாக ஜல்லியில் ஓட ஆரம்பித்தாள். இருபத்திரண்டு பெட்டி. ஒரு செருப்பு எங்கோ கழன்றது. கடைசியில் கார்டு பெட்டிப் படியில் உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார் கார்டு சங்கிலிமுத்து. தலை முழுக்க நரைத்தவர். அவள் ஓடிவருவதைப் பார்த்து எழுந்து நின்றார்.

“ஐயா, மூணு உசுரு ஐயா. பெட்டிக்கு நடுவுல தூக்கிக் குடுக்கப் போறோம். நீங்க வண்டிய நகர விட்டுராதீக. ஒங்க கால்ல விழுதேன்.”

அவர் அவளைப் பார்த்தார். டப்பாவை மூடினார். “எந்திரிம்மா” என்றார். “என் பெட்டியில காத்தைத் தொறந்து விட்டுட்டா பிரேக் இறுக்கிக்கிரும். டிரைவரு நெனச்சாலும் இழுக்க முடியாது. நான் தொறந்து விடுதேன், நீ போ. முடிஞ்சதும் பச்சையக் காட்டு. அது வரைக்கும் எந்தக் கடவுள் வந்து சொன்னாலும் இந்த வண்டி நகராது.”

அவள் திரும்பிப் பத்துப் பெட்டி ஓடுவதற்குள், உஸ்ஸென்று காற்றுப் பிரிகிற சத்தம் வண்டி நெடுகக் கேட்டது.

பிறகு நாலு நிமிசம்தான் ஆனது. இரண்டு பெட்டியையும் பூட்டியிருந்த இரும்புக் கொக்கிக்கு மேலாகச் சாக்கைப் பிடித்து, இந்தப் பக்கம் நிஜாமும் பைக்குக்காரர்களும், அந்தப் பக்கம் வேன்காரர்களும், ஒவ்வொருவராகத் தூக்கிக் கைமாற்றினார்கள். முதலில் ஆம்பளை. அப்புறம் முனகிக்கொண்டிருந்தவள். கடைசியாகப் பொன்மணி. பஞ்சம்மாள் கால்மாட்டைப் பிடித்தாள். தோல் கையோடு வந்தது. பொன்மணி அப்போது மட்டும் “யம்மா” என்றாள். அதுதான் அவள் பேசியதில் கடைசி.

வேன் புழுதியோடு புழுதியாகப் போனது. பஞ்சம்மாள் அதோடு போகவில்லை. போக முடியாது. கேட்டில் ஆள் இல்லாமல் போகக் கூடாது. வால் பக்கம் திரும்பிப் பச்சைக் கொடியைக் காட்டினாள். பிரேக் விட்டு, காற்றேறி, வண்டி கிளம்பப் பிறகும் நேரம் பிடித்தது. அது கேட்டைத் தாண்டியபோது, ஐம்பத்தெட்டுப் பெட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மூன்றாவது நாள் விடியற்காலையில் பொன்மணி இறந்துபோனாள். அந்த ஆம்பளை வழியிலேயே போய்விட்டார். மற்றவள் பிழைத்துக்கொண்டாள். தெருவில் அதைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார்கள். மூன்று பேரும் ஒரே வண்டியில்தானே கிடந்தார்கள் என்றார்கள். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் என்றார்கள். பஞ்சம்மாள் ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டாள், அரைமணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. அந்தம்மா சின்ன வயசு. “அதெல்லாம் சொல்ல முடியாதும்மா” என்று சொல்லிவிட்டு வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள்.

நாகையா காரியம் முடிகிற வரைக்கும் பொறுத்திருந்தான். பதினாறாம் நாள், வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, பஞ்சம்மாள் எச்சில் இலையை அள்ளிக்கொண்டிருந்தபோது கேட்டான்.

“கேட்டு ஒங் கையிலதானக்கா இருந்துச்சு?”

பஞ்சம்மாள் இலையோடு நின்றாள்.

“ஊருல எவன் எவனுக்கோ தெறந்து விட்டியே.”

“தம்பி, வண்டி குறுக்க நின்னா நான் என்னத்தத் தெறக்க?”

அவன் எழுந்து உள்ளே போனான். அன்றிலிருந்து அவளோடு பேசுவதை விட்டான். உலையும் தனியானது. மாரிசெல்வியை அன்று ராத்திரி வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். பஞ்சம்மாள் தன் பாயில் படுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் விசாரணை நடந்தது. ஸ்டேஷன் அறையில் இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். செத்தவர்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் அல்ல அவர்கள். அன்றைக்கு அந்தக் கரி வண்டி ஏன் ஒன்றேகால் மணி நேரம் நின்றது, அதனால் பின்னால் வந்த ஆறு வண்டிகள் ஏன் தாமதமாயின, கார்டு யாரைக் கேட்டு பிரேக்கைத் திறந்தார் என்பதுதான் விசாரணை. சங்கிலிமுத்து, “நானாத்தான் தொறந்தேன். அந்தம்மா மேல தப்பில்ல” என்றார். அவருக்கு ஓய்வுபெற நாலு மாசம் இருந்தது. பஞ்சம்மாள், “நாந்தான் அவரு கால்ல விழுந்தேன்” என்றாள்.

இளவயசு அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “ஒங்க வாக்குமூலத்த மூணாவது லைன் ஃபைல்லயும் ஒரு காப்பி வைக்கச் சொல்றேம்மா” என்றார். அவரால் சொல்ல முடிந்த ஆறுதல் அதுதான் போலிருக்கிறது. சங்கிலிமுத்துவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பஞ்சம்மாளுக்கு இரண்டாவது மெமோ வந்தது.

அது அந்த வாக்குமூலத்தால் நடந்ததா, துறைமுகத்தில் கரி இன்னும் கூடியதால் நடந்ததா, யாருக்கும் தெரியாது. தை பிறந்ததும் ஓடைநத்தத்துக்கு இயந்திரங்கள் வந்து இறங்கின. மஞ்சள் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மண்ணடித்தார்கள். தண்டவாளம் வந்தது. கான்கிரீட் கட்டை வந்தது. மூணாவது லைனுக்காக சிக்னல் கம்பத்தையும் கேட்டுக்குப் பக்கத்தில் தள்ளி நட்டார்கள். ஜல்லி அள்ளிப்போட உள்ளூரில் ஆள் எடுத்தார் காண்ட்ராக்டர்.

அந்த ஆட்களில் நாகையாவும் இருந்தான். மில்லில் மூட்டை தூக்க அவனால் முடியவில்லை. பாதி தூரம் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து நின்றுவிடுகிறான் என்று நிறுத்திவிட்டார்கள். பஞ்சம்மாள் கேட் அறை வாசலில் நின்றால் அவன் தெரிவான். தலைத்துண்டை வைத்துத் தெரியும், குனிந்து ஜல்லிக் கூடையைத் தூக்குகிற விதத்தை வைத்துத் தெரியும். அவன் ஒருநாளும் கேட் பக்கம் திரும்பவில்லை. தண்ணீருக்குக்கூட மற்றவர்கள்தான் வருவார்கள்.

பங்குனிக் கடைசியில் வேலை முடிகிற தறுவாய். ஒரு மத்தியானம் அவனாகவே வந்தான். கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். தாடி வளர்ந்திருந்தது. பஞ்சம்மாள் அறைக்குள்ளிருந்து வெளியே வந்து, கிட்டே போகப் பயந்து நிலைக்கு அருகிலேயே நின்றாள்.

“யக்கா” என்றான். “ஆஸ்பத்திரியில அவ எங்கிட்ட ஒண்ணும் பேசல. மூஞ்சியெல்லாம் கட்டிப் போட்டிருந்தாக. இங்கன பேசினாளாமே? நிஜாம் சொன்னான்.”

“பேசினாய்யா.”

“என்ன பேசினா?”

பஞ்சம்மாள் கிட்டே போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். மருந்து தீப்பற்றியதைச் சொன்னாள். மேலே போர்த்தச் சொன்னதைச் சொன்னாள். வெள்ளாட்டைச் சொன்னாள்.

“ஆட்டை நெனச்சாளா?” என்றான் நாகையா. வாய் கோணிக்கொண்டு போனது.

“மாரிசெல்வி ஓட்டப்பந்தயத்தைச் சொன்னா. அவளுக்கு ஒன்னைய மாதிரிக் காலு நீளமாம்.”

அவன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். முதுகு குலுங்கியது. பஞ்சம்மாள் அவன் முதுகில் கை வைத்தாள். அவன் தள்ளிவிடவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஏழு மாசமாக நெஞ்சுக்குள் கிடந்து அரித்ததை, தம்பி கை வைக்க விட்ட அந்த நிமிசத்தில், அவளால் உள்ளே வைத்திருக்க முடியவில்லை.

“நாகையா. வந்த ஒடனே சொன்னாய்யா அவ. பெட்டிக்கு நடுவுல தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க மதினின்னு சொன்னா. நாந்தான் வேண்டாம்னேன். நிஜாம் சாத்தூரைச் சுத்திப் போறேன்னான். அதையும் நாந்தான் நில்லுன்னேன். அந்தப் போனை நம்பிட்டேன்யா. ஒங்க மச்சான் போன மாதிரி ஆயிருமேன்னு பயந்துட்டேன். அதுக்கு அவ, சரி மதினின்னா. அம்புட்டுத்தான் சொன்னா.”

நாகையா முகத்திலிருந்து துண்டை எடுத்தான். பிறகு அவன் எழுந்தான். அவளைப் பார்த்தான். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

“இதை நீ சொல்லாம இருந்திருக்கலாமேக்கா” என்றான்.

கூடையை எடுத்துக்கொண்டு வேலை நடக்கிற இடத்துக்குப் போய்விட்டான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும், திருப்பூருக்குப் போகிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலையாம், பிள்ளையையும் அங்கே சேர்க்கப் போகிறானாம். பஞ்சம்மாளிடம் அவன் சொல்லவில்லை. மாரிசெல்விதான் டியூட்டி நேரத்தில் கேட்டுக்கு ஓடிவந்தாள். இந்த ஒரு வருசத்தில் வளர்ந்துவிட்டாள். மூச்சு வாங்கச் சொன்னாள்.

“அத்தை, இன்னைக்குச் சாத்தூருக்கு ஆச்சி வீட்டுக்குப் போறோம். புதன்கிழமை அங்கனருந்து கோயமுத்தூர் பாசஞ்சர்ல ஏறுதோம். நீங்க ஆச்சி வீட்டுக்கு வரக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாக.”

“சரித்தா.”

“ஆனா அந்த வண்டிக்கு நம்ம ஸ்டேசன்ல ஸ்டாப் இல்லன்னாலும், தெனமும் சிக்னல் கெடைக்காம கேட்டுக்கிட்டத்தான நிக்கும்? பத்து நிமிசம், பதினஞ்சு நிமிசம் நிக்கும்லா? நான் கதவுகிட்ட வந்து நிக்கேன். நீங்களும் வந்து நில்லுங்க. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாக, வண்டி நின்னா அவுக என்ன செய்ய முடியும்?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பொன்மணியின் பல் வரிசை. பஞ்சம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டாள். “நிக்கேன்த்தா” என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு வருசமாகத் தொடாத முறுக்கு பிழிகிற உழக்கைத் தேடி எடுத்தாள். முறுக்குச் சுட்டாள். எள்ளும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்தாள். புதுப் பாவாடைத் துணி ஒன்று எடுத்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் மஞ்சள் துணிப்பையில் போட்டு வாய்க்கட்டுக் கட்டினாள். சன்னலுக்குள்ளே போகிற அளவில்தான் இருக்கிறதா என்று கையால் அளந்து பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் ஸ்டேஷன் பக்கம் கூட்டமாக இருந்தது. மூணாவது லைனை அன்றைக்குத்தான் திறந்தார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் கொளுத்தி, முதல் சரக்கு ரயிலை அதில் ஏற்றினார்கள். பஞ்சம்மாளுக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. அவள் தலைவாரி, வெளுத்த சேலை கட்டி வந்திருந்தாள். கோயமுத்தூர் பாசஞ்சர் நின்றால் எந்தப் பெட்டி கேட்டுக்கு நேராக வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

போன் வந்தது. கேட்டை இறக்கினாள். பையை இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையில் சுருட்டிய கொடியோடு தன் இடத்தில் வந்து நின்றாள். தெற்கே வண்டி புள்ளியாகத் தெரிந்தது. வழக்கம்போலச் சிக்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

பச்சை விழுந்திருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. மூணாவது லைன் வந்த பிறகு ஸ்டேஷனில் ஒரு லைன் காலியாகவே கிடக்கும் என்று புரிந்தபோது வண்டி அரை மைலுக்குள் வந்துவிட்டது. சிவப்புக் கொடியும் அவள் கையிலேயேதான் இருந்தது, பச்சையோடு சேர்த்துச் சுருட்டியபடி. அதைப் பிரித்துப் பிடித்தால் போதும். வண்டி நின்றுவிடும். எண்ணூறு பேரோடு நின்றுவிடும். அவள் விரல் கொடியின் ஓரத்தைத் தேடியது.

பிரித்தது பச்சையைத்தான்.

வண்டி குறையாத வேகத்தில் வந்தது. காற்று அவளைப் பின்னால் தள்ளியது. சன்னல்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின. ஒரு கதவில் நீலமாய் ஏதோ பாவாடை தெரிந்தது. ஒரு கை நீண்டிருந்தது. “அத்…” என்று மட்டும் கேட்டது. அது மாரிசெல்விதானா, வேறு யாருடைய பிள்ளையோ, அவளால் நிச்சயம் செய்ய முடியவில்லை. பையை உயர்த்தியபோது அந்தப் பெட்டி போய், அடுத்ததும் போய், கடைசிப் பெட்டியின் கார்டு அவளுக்குப் பச்சைக் கொடி காட்டிவிட்டுப் போனார். தண்டவாளம் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்து ஓய்ந்தது.

கேட்டுக்கு இரண்டு பக்கமும் வண்டிகள் ஆரன் அடித்தன. அறைக்குள் போன் மணி அடித்தது. போய் எடுத்தாள்.

“வண்டி பாஸ் ஆயிருச்சா பஞ்சம்மா?” மீரான் மைதீனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்த நல்ல மனிதரின் குரலில் அப்படியொரு சந்தோசத்தை அவள் கேட்டு வெகு நாளாகியிருந்தது. “ஒரு நிமிசம்கூட நிக்கலை, பாத்தீகளா?”

“பாத்தேன் சார்” என்றாள் பஞ்சம்மாள்.